முந்திரிக்குப் பற்றுக்கம்பி உண்டா? எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிரியல் பட்டப்படிப்பு வழிகாட்டி

பி.எஸ்சி. முதல் வருஷம், இரண்டாவது வாரம். தண்டின் மாற்றுருக்கள் பற்றிய வகுப்பு. "முந்திரியிலெ டெண்ட்ரில்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் போர்டில் ஒரு சுருளை வரைந்தார். டெண்ட்ரில் என்றால் கொடி பிடித்து ஏறும் பற்றுக்கம்பி. எனக்குத் தலை சுற்றியது. மாமா தோட்டத்தில் நான் ஏறி விளையாடாத முந்திரி மரமே கிடையாது. எந்த மரத்திலும் கம்பிச் சுருள் எதையும் பார்த்ததில்லை. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரெக்கார்டில் பழமும் கொட்டையுமாக முந்திரியை வரைந்து, பக்கத்தில் ஒரு பற்றுக்கம்பியும் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மோளே, இது கசுமாவு!" மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நம் முந்திரிதான் அங்கே கசுமாவு.

எனக்கு ஊர் கேரளத்துப் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம். ப்ளஸ் டூவில் புத்தகம் ஆங்கிலம், வகுப்பு மலையாளம், வீட்டில் தமிழ். பட்டப்படிப்பில் ஜூவாலஜி, துணைப்பாடம் பாட்டனி. இப்போது கெஸ்ட் லெக்சரராக அதே பாடத்தைச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். திண்ணையில் உட்கார வைத்து அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே முழுசாக எழுதியிருக்கிறேன். வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் மூணாறு, பீர்மேடு என்று எங்கிருந்து படித்தாலும் பெரும்பாலானது பொருந்தும்.

ரிசல்ட்டுக்கு முன்பே காகித வேலை

அட்மிஷன் தொடங்கிய பிறகு வில்லேஜ் ஆபீசுக்கு ஓடாதீர்கள். ஏப்ரலிலேயே அக்ஷயா சென்டருக்கு (அரசு ஆன்லைன் சேவை மையம்) போய் நேட்டிவிட்டி, வருமானம், சாதிச் சான்று, தேவைப்பட்டவர்கள் நான்-கிரீமி லேயர் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். என் வருமானச் சான்றுக்கு ஒரு ஆபீசில் மூன்று முறை "அடுத்த வாரம் வா" என்றார்கள். கட்டணச் சலுகை ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. அந்த ஆறு மாதம் அம்மா ஆட்டை விற்றுத்தான் ஃபீஸ் கட்டினார்.

பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பிருந்தே கேரளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேரளத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் இங்கே மாநிலச் சலுகை கிடைக்காமல் தவிக்கிறார்கள். தாத்தா பாட்டியின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, எஸ்டேட் வேலைப் பதிவு, பழைய நிலப் பட்டயம் (பட்டா) என்று எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். இந்தத் தேடலுக்கு மாதக்கணக்கில் ஆகும். ப்ளஸ் ஒன்னிலேயே தொடங்குவது நல்லது. சான்று கையில் இருந்தால் இ-கிராண்ட்ஸ் என்ற மாநில அரசின் இணையத் திட்டம் வழியாக ஃபீசும் உதவித்தொகையும் வரும்.

இன்னொரு சின்ன விஷயம், இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். நுழைவுத் தேர்வுப் படிவம் ஒவ்வொன்றிலும் இது காலை வாரும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ளபடியே மற்றதை மாற்றிவிடுங்கள்.

எந்தப் பாடம்?

"பயோடெக் படித்தால் ஸ்கோப் உண்டாமே?" இந்தக் கேள்வி வராத வருஷம் கிடையாது. என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்ல லேப் இல்லாத இடத்தில் பயோடெக்னாலஜி படிப்பதைவிட, பழைய அரசுக் கல்லூரியில் பாட்டனியோ ஜூவாலஜியோ படிப்பது நூறு மடங்கு மேல். எம்.எஸ்சி.யில் பயோடெக்குக்கோ, பயோகெமிஸ்ட்ரிக்கோ, மரபியலுக்கோ தாவிக்கொள்ளலாம். முழு உயிரியைப் பார்த்துப் பழகிய கண் பிறகு எங்கே போனாலும் உதவும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், லேப்புக்குள் எட்டிப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். மெஷின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறதா? கிருமி படாமல் வேலை செய்யும் லேமினார் ஃப்ளோ மேடை மேல் தூசி படிந்திருக்கிறதா? ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர்? சீனியர் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, போன வருஷம் நீங்களே கையால் செய்த பரிசோதனை எத்தனை?" என்று கேளுங்கள். பிராஸ்பெக்டஸில் கிடைக்காத பதில் கிடைக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: ஆஸ்பத்திரி லேப்பில் வேலை என்ற நினைப்பில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேர்கிறார்கள். அந்த வேலைக்குக் கேட்பது எம்.எல்.டி. (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) படிப்பு. பெயரில் "மெடிக்கல்" வந்தால் ஆஸ்பத்திரி வேலை என்று அர்த்தம் ஆகாது, விசாரியுங்கள்.

"தவளையை அறுக்கணுமே" என்று பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் தயங்குவதுண்டு. 2014-லேயே விலங்குகளை அறுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு). இப்போது படம், மாடல், கணினி எல்லாம்தான்.

எங்கே சேர்வது?

பாலக்காட்டுப் பக்கத்து அரசு, எய்டட் கல்லூரிகள் 1968-ல் தொடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாலக்காடு விக்டோரியா கல்லூரி 1866-லிருந்து இருக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே உண்டு. இடுக்கிக்காரர்களுக்குக் கோட்டயத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம், தெற்கே போனால் கேரளப் பல்கலைக்கழகம்.

கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் சீட் 'கேப்' என்ற ஏகஜாலகத்தின் (ஒற்றைச் சாளர முறை) வழியாக அலாட்மெண்டில் கிடைக்கும். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆப்ஷன் வரிசை என்பது உங்கள் ஆசையின் வரிசை. "கிடைக்குமோ, கிடைக்காதோ" என்று கணக்குப் போட்டு மாற்றி வைக்கக் கூடாது. மிகவும் வேண்டியது முதலில். ட்ரையல் அலாட்மெண்ட் வந்ததும் வரிசையைத் திருத்த ஒரு வாய்ப்புத் தருவார்கள். அலாட்மெண்ட் கிடைத்ததும் மேண்டேட்டரி ஃபீயை அந்தத் தேதிக்குள் கட்டவில்லையென்றால் வெளியே போய்விடுவீர்கள். கிடைத்த இடமே போதும் என்றால் மேலே உள்ள ஹையர் ஆப்ஷனை கேன்சல் செய்துவிட வேண்டும். செய்யாமல் விட்டு அடுத்த சுற்றில் மேலே உள்ளது விழுந்தால் கையில் இருந்தது போய்விடும். திரும்பக் கேட்டால் கிடைக்காது.

கோயம்புத்தூர், பொள்ளாச்சி பஸ் வாசலிலேயே நிற்கிறது என்பதால் அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் பாட்டனி, ஜூவாலஜி தமிழ் வழியிலும் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் கேரளத்து உதவித்தொகை, சாதி ஒதுக்கீடு எல்லாம் மாநிலம் மாறினால் மாறிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

மதிப்பெண் நன்றாக இருந்து, ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) பரீட்சையை எழுதாமல் விடாதீர்கள். விதுராவில் உள்ள திருவனந்தபுரம் ஐசர் 2008-லும், திருப்பதி ஐசர் 2015-லும் தொடங்கியவை. ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. மூன்று மணி நேரத்தில் 60 கேள்வி, உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியலில் தலா 15. சரியானதற்கு 4, தவறானதற்கு மைனஸ் 1, மொத்தம் 240. உயிரியல் குரூப்பில் கணக்கை விட்டவர்கள் இங்கே திணறுவார்கள். ப்ளஸ் டூவில் கணக்கும் சேர்த்தே எடுங்கள் என்று பத்தாவது பிள்ளைகளிடம் நான் சொல்வது இதனால்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பட்டப்படிப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நான்கு வருஷம், 177 கிரெடிட்

கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு. மூன்று வருஷத்தில் 133 கிரெடிட்டோடு டிகிரி வாங்கி வெளியே வரலாம். நான்காவதும் படித்து 177 கிரெடிட் முடித்தால் ஆனர்ஸ். மேஜர் உங்கள் பாடம். மைனர் நீங்களே தேர்ந்தெடுப்பது. யாரோ "ஈஸி" என்றார்கள் என்று மைனரை எடுக்காதீர்கள். ஜூவாலஜி மேஜர் என்றால் கெமிஸ்ட்ரி ஒன்று, இன்னொன்று பாட்டனி அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். வேதியியல் இல்லாத உயிரியல், உப்பில்லாத கஞ்சி.

ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் வேண்டுமென்றால் யுஜிசி வரையறைப்படி முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். முதல் செமஸ்டரில் மொழி புரியாமல் கோட்டை விட்ட மார்க் ஆறாவது செமஸ்டரில் வந்து வலிக்கும். அதனால்தான் அடுத்த பகுதி.

மூன்று மொழி நோட்டு

நீங்கள் உண்மையிலேயே உழைக்க வேண்டிய இடம் இதுதான். நம் பிள்ளைகள் உயிரியலில் பின்தங்குவது அறிவு குறைந்து அல்ல. தெரிந்த பொருளே தெரியாத பெயரில் வருகிறது, அவ்வளவுதான். ஒளிச்சேர்க்கை என்று படித்ததை ஒருவர் "பிரகாச சம்ஸ்லேஷணம்" என்பார், புத்தகம் போட்டோசிந்தசிஸ் என்னும். மூன்றும் ஒன்று என்று புரிவதற்குள் வகுப்பு சைட்டோக்ரோமுக்குப் போய்விடும்.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் வீட்டில் சொல்லும் பெயர், இரண்டாவதில் மலையாளம், மூன்றாவதில் ஆங்கிலம், நான்காவதில் அறிவியல் பெயர். முதல் கட்டம் காலியாக இருந்தால் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டு நிரப்புங்கள். கேட்டும் கிடைக்கவில்லையா, அந்தப் பொருளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த நோட்டில் சிரிக்க நிறைய இருக்கும். நாம் புலி என்றால் வரி உள்ளது. மலையாளத்தில் வரி உள்ளதற்குப் பெயர் கடுவா. அவர்கள் வெறுமனே "புலி" என்றால் பெரும்பாலும் நம்முடைய சிறுத்தை. நம் கடுவனோ ஆண் குரங்கு. மரநாய் அங்கே மரப்பட்டி. ஓணான் அங்கே ஓந்து. வனத்துறை ஜீப்பில் போகும்போது "புலி" என்று யாராவது கத்தினால் எந்தப் பக்கத்து ஆள் கத்தினார் என்று பார்க்க வேண்டும்! பாந்தெரா டைகிரிஸ், பாந்தெரா பார்டஸ் என்று எழுதிவிட்டால் இந்தத் தகராறு இல்லை. அறிவியல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ் எதற்கு இரட்டைப் பெயர் வைத்தார் என்பதை எல்லையில் பிறந்தவருக்குப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

அறிவியல் சொற்களை மனப்பாடம் செய்யாமல் உடைத்துப் பாருங்கள். 'எண்டோ' உள்ளே, 'எக்ஸோ' வெளியே, 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' அதிகம், 'லைசிஸ்' உடைவு, 'சைட்டோ' செல். ஐம்பது துண்டு தெரிந்தால் ஐந்நூறு சொல் புரியும். பிறகு தினமும் ஒரு கருத்தை வீட்டில் யாருக்காவது தமிழில் விளக்குங்கள். நான் சவ்வூடு பரவலை அம்மாவுக்கு ஊறுகாய் ஜாடியைக் காட்டிச் சொன்னேன். உப்புப் போட்ட மாங்காய் ஏன் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது? "அது தெரியாதா, உப்பு தண்ணியை இழுக்கும்" என்றார். சரிதான். தேர்வில் அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினேன்.

ஆங்கிலத்தில் எழுத வராது என்று பயப்பட வேண்டாம். உயிரியல் விடைக்குச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். படமும் அம்புக்குறியும் பாதி மார்க் தரும்.

லேப்: ஒரு வெங்காய வேர்

லேப்பில் ஒரே ஒரு பரிசோதனையை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொண்டால் மற்றவை வந்துவிடும். நான் எல்லோருக்கும் சொல்வது வெங்காய வேர் நுனி. செல் பகுப்பை நம் கண்ணாலேயே பார்ப்பது.

வெங்காயத்தின் பழைய வேரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். மூன்று நான்கு நாளில் வெள்ளை வேர் தாடி மாதிரி இறங்கும். காலையில் ஒரு சென்டிமீட்டர் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் ஆசிட்டும் கலந்த திரவத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். பிறகு எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் வைத்தால் கெடாது. பார்க்கும் அன்று ஒரு நார்மல் (1N) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் 60 டிகிரியில் சில நிமிஷம் வைத்தால் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசை இளகும். கழுவி அசிட்டோகார்மின் சாயத்தில் போடுங்கள்.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்வார்கள். திரவத்தில் ஊறிய வேரின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். வெட்டிய முனையை நுனி என்று நினைத்து நசுக்கிவிட்டு, "டீச்சர், ஒன்றும் தெரியவில்லை" என்பார்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். சாயம் ஏறியதும் பாருங்கள், அடர்ந்த சிவப்பாக இருப்பதுதான் உண்மையான நுனி. அதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் போதும், மற்றதை வெட்டி எறிந்துவிடுங்கள். 45 சதவீத அசிட்டிக் ஆசிட் ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப், அதற்கு மேல் பிளாட்டிங் பேப்பர். கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல் உருண்டு கயிறாகிவிடும். முதலில் 10 எக்ஸ், சதுரச் செல்கள் நெருங்கி இருக்கும் இடம் கிடைத்ததும் 45 எக்ஸ்.

நடுவில் வரிசையாக நிற்கும் குரோமோசோம்களை முதல் முறை பார்த்தபோது பக்கத்தில் இருந்த சேச்சியின் கையைப் பிடித்து இழுத்தேன். மொத்தம் 16 இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்குள் கண் நோகும். இந்த எண்ணும் வேலையில் உலகப் பெயர் வாங்கியவர் தலசேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள். சென்னையில் குயின் மேரீஸிலும் பிரசிடென்சியிலும் படித்து, அமெரிக்காவில் மிச்சிகனில் டாக்டர் பட்டம் வாங்கி, நமக்குப் பக்கத்துக் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1945-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். வயதான காலத்தில் சைலண்ட் வேலி அணைக்கு எதிராகவும் பேசினார்.

ரெக்கார்டு பற்றி ஒன்றே ஒன்று: சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரையாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் கண்டதை வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கொஞ்சம் கணக்கு

கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் உயிரியலுக்கு வந்தேன் என்பவர்களுக்குக் கெட்ட செய்தி: புள்ளியியல் பின்னாலேயே வரும். மெண்டலின் 9:3:3:1 விகிதத்தில் 160 செடி எதிர்பார்த்தால் 90, 30, 30, 10 வர வேண்டும். எண்ணினால் 86, 34, 29, 11 வந்தது என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டுங்கள். 16/90, 16/30, 1/30, 1/10 சேர்ந்தால் சுமார் 0.84. மூன்று டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு (நான்கு வகையில் ஒன்று குறைவு) எல்லைக்கோடு 7.815. நம்முடையது மிகவும் கீழே. அதனால் வித்தியாசம் தற்செயலாக வந்தது என்று சொல்லலாம், மெண்டலைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. கை-ஸ்கொயர் என்றால் இவ்வளவுதான். இதைக் கையால் பத்து முறை போட்டுவிட்டு, இரண்டாம் வருஷ லீவில் 'ஆர்' மென்பொருளைத் தொடுங்கள். காசு கிடையாது, சாதாரண லேப்டாப்பே போதும்.

ஊரே களம்

கொச்சிக்காரப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. நாம் கணவாயில் குடியிருக்கிறோம். ஆடிக்காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகும்போது திட்டுகிறோமே, அந்தக் காற்று வரும் வழிதான் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி. மலை உச்சிச் சோலையில் வாழும் பறவைக்கு நம் சமவெளி கடல் மாதிரி, தாண்ட முடியாது. அதனால் வடக்கே நீலகிரிப் பக்கம் ஷோலிகோலா மேஜர், தெற்கே ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ் என்று ஒரே வகைச் சிறு நீலப் பறவை இரண்டு இனமாக நிற்கிறது. இந்தப் பேரினத்துக்கு 2017-ல்தான் தனிப்பெயர் வைத்தார்கள். 'ஷோலிகோலா' என்ற பெயரில் இருப்பது நம் சோலைதான். பரிணாமப் பாடத்தில் கலாபகோஸ் குருவிகளைப் படிக்கும்போது ஜன்னல் வழியாக வடக்கே ஒரு முறை, தெற்கே ஒரு முறை பாருங்கள்.

இடுக்கிக்காரர்களுக்கு ஊதாத் தவளை. வருஷம் முழுக்க மண்ணுக்குள் இருந்துவிட்டு மழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும். 2003-ல் விஞ்ஞானிகள் பிஜுவும் பாசூயிட்டும் அதற்கு நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயர் வைத்து உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு நெருங்கிய சொந்தம் இருப்பது செஷல்ஸ் தீவில். கண்டங்கள் பிரிந்த கதைக்கு உயிரோடு ஒரு சாட்சி. 2017-ல் மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், அதன் இன்னொரு இனம் தெரியவந்தது. அதற்கு நாசிகாபட்ராகஸ் பூபதி என்று, ஊர்வன ஆராய்ச்சியில் வாழ்ந்து 2014-ல் மறைந்த பூபதியின் பெயர்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பனைமரத்தடியில் நில்லுங்கள். ஆண்பனை, பெண்பனை தெரியாத பிள்ளை நம் பக்கம் உண்டா? டயீஷியஸ் என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல உதாரணம் புத்தகத்தில் இல்லை. சுண்ணாம்பு தடவிய சட்டியில் இறங்கினால் தெளுவு, தடவாததில் கள். சுண்ணாம்பு பி.எச்.ஐ ஏற்றிவிடுவதால் ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலை செய்வதில்லை. சித்தூர் தாலுகாவிலிருந்து கேரளம் முழுக்கக் கள் வண்டி போவது ஒரு மைக்ரோபயாலஜி பாடம். கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆக வேண்டும் என்பதால் லேப்புக்கு இட்லி மாவையே எடுத்துக்கொண்டு போங்கள். புளித்த மாவை நீர்க்கக் கரைத்து, கிராம் சாயம் போட்டு, 100 எக்ஸ் ஆயில் லென்ஸில் பார்த்தால் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியா சின்னச் சங்கிலியாகத் தெரியும். மாவைப் பொங்க வைக்கும் ஆள் அதுதான்.

பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் பார்த்ததாகக் கணக்கில்லை. தேதி, நேரம், இடம், வானிலை, என்ன செய்துகொண்டிருந்தது. பறவை என்றால் ஈபேர்டிலும், செடி பூச்சி என்றால் ஐநேச்சுரலிஸ்டிலும் போடுங்கள். கேரளம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பறவைகளை எண்ணிய கேரளப் பறவை அட்லஸ் 2015 முதல் 2020 வரை இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் கையால்தான் நடந்தது.

ஹெர்பேரியம் (அழுத்திக் காயவைத்த செடிகளின் தொகுப்பு) செய்யும்போது முதல் நான்கு நாளும் தினமும் செய்தித்தாளை மாற்றுங்கள். நான் ஹாஸ்டலில் ஜூன் மழையில் ஒரு வாரம் மறந்துவிட்டு, பன்னிரண்டு செடிக்குப் பதில் பன்னிரண்டு வகைப் பூஞ்சை சேகரித்தேன். செடியை எப்படி ஒட்டுவது, எப்படிக் குறிப்பு எழுதுவது என்று பார்க்க ஆசையென்றால், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (பி.எஸ்.ஐ.) மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குத் துறைக் கடிதத்தோடு போங்கள். வெள்ளைக்காரன் காலத்துச் செடி இன்னும் இலை உதிராமல் இருக்கும்.

சட்டத்தை மறக்காதீர்கள். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலை, ஒரு தவளைக்குஞ்சு எடுக்கக் கூடாது. மயில் நம் நெல்லைத் தின்றாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டதுதான். உதிர்ந்த இறகைப் பார்த்துக் குறிப்பெழுதி, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். பரம்பிக்குளம் போகிறவர்கள் கேரளத்துக் காட்டுக்குப் போகத் தமிழ்நாட்டு டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு செக்போஸ்டுக்கும் காகிதம் வையுங்கள்.

பரீட்சை

தியரிக்கு ஐந்து வருஷப் பழைய வினாத்தாள். பிராக்டிக்கலில் ஸ்பாட்டர் (அடையாளம் காணச் சொல்லி வைக்கும் மாதிரி) ஒவ்வொன்றையும் பெயர், காரணம், படம் என்று எழுதும் பழக்கம். இன்டர்னலை அலட்சியம் செய்யாதீர்கள். சப்ளி விழுந்தால் உடனே அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள். சேர்த்து வைத்தால் கடன் மாதிரி வளரும்.

லீவும் புராஜெக்டும்

இரண்டாம் வருஷ முடிவில் வீட்டில் உட்காராதீர்கள். பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிலையம், பாலோட்டில் நேரு தாவரவியல் தோட்ட நிறுவனம், அட்டப்பாடி எல்லையில் ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம் என்று கேட்டுப் பார்க்க இடம் உண்டு. நேராகப் போய் நிற்பதைவிட ஒரு விஞ்ஞானியின் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் ஒரு கேள்வி கேட்டு நான்கு வரி மெயில் எழுதுங்கள். "சார், ஏதாவது புராஜெக்ட் இருக்கா" என்று நூறு பேருக்கு அனுப்பும் மெயிலுக்குப் பதில் வராது. இந்திய அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கும் விண்ணப்பியுங்கள்.

புராஜெக்ட் தலைப்பு சின்னதாக இருக்கட்டும். "மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லுயிர்" என்பது தலைப்பே இல்லை. "எங்கள் வாய்க்காலின் இரண்டு கிலோமீட்டரில் தும்பிகள், மழைக்கு முன்னும் பின்னும்" என்பது தலைப்பு. தினமும் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் களம் இருந்தால்தான் வேலை முடியும்.

அதற்குப் பிறகு

பள்ளி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் இரண்டு வருஷ பி.எட்., ஹையர் செகண்டரிக்கு அதோடு எம்.எஸ்சி.யும் செட் என்ற மாநிலத் தகுதித் தேர்வும். எம்.எஸ்சி.க்குப் பெரியாவில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவை க்யூட் பி.ஜி. வழியாக எடுக்கின்றன. பயோடெக்குக்கு ஜாம், ஜி.ஏ.டி.-பி. என்ற நுழைவுத் தேர்வுகள். காட்டு விலங்கு ஆசை இருந்தால் வயநாட்டுப் பூக்கோட்டில் கால்நடைப் பல்கலைக்கழகம், மீனில் ஆசை என்றால் கொச்சியில் மீன்வளப் பல்கலைக்கழகம்.

ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. லைஃப் சயின்ஸ் தாள் 200 மார்க். ஏ பகுதியில் 20-ல் 15 கேள்வி, பி-யில் 50-ல் 35, சி-யில் 75-ல் 25. சி பகுதியில் கேள்விக்கு 4 மார்க், அதனால் பாதி மார்க் அங்கேதான். 75 கேள்வியையும் படித்துவிட்டு 25 எடுக்க நேரம் இருக்காது. பதின்மூன்று அலகில் எட்டை ஆழமாகப் படித்து மற்றதைத் தொட்டுக்கொண்டால் போதும் என்பது என் அனுபவம். நான் இரண்டு முறை தோற்றது பதின்மூன்றையும் அரைகுறையாகப் படித்ததால். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. நம் ஊரில் பெண்ணை மேலே படிக்க வைக்கலாமா என்ற பேச்சு இந்தத் தொகையைச் சொன்னதும் வேறு மாதிரி நடக்கும், பார்த்திருக்கிறேன்.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கும், சேரும் இடம் கேட்டால் எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டுக்கும், கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். அந்த மூன்று மொழி நோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். என்னுடையது தம்பி மகளிடம் போய்விட்டது. முதல் பக்கத்தில் முந்திரிக்கு நேராக அவள் புதிதாக ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள்.